பச்சைப் புல்லுக்கு அடியில்: கிரேட் மார்ஷ் உவர்ச்சதுப்பு எப்படி நிற்கிறது, எதனால் சரிகிறது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வடகிழக்குக் கரையில் இருக்கும் உவர்ச்சதுப்பில் மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டியெடுத்தால், கைக்கு வருவதை மண் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். உயிருள்ள வெளிறிய வேர்களும், எப்போதோ இறந்தும் மட்காமல் கிடக்கும் பழுப்பு வேர்களும் தேங்காய் நார்மெத்தை போலப் பின்னிக் கிடக்க, அவற்றின் இடுக்குகளில் வண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிழிந்தால் உவர்நீர் வடியும். கூடவே அழுகிய முட்டை நாற்றம் எழும். இந்த வேர்மட்குக்குப் 'பீட்' என்று பெயர். இந்தச் சதுப்பைப் பற்றிய ஆய்வுகளும், அதைக் காப்பதற்கான வேலைகளும், கடைசியில் இந்தக் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியையே சுற்றி வருகின்றன.

கேப் ஆன் முனையிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் எல்லை வரை ஏறக்குறைய 8,000 ஹெக்டேருக்கு விரிந்திருக்கும் இந்தப் பரப்பை அங்குள்ளவர்கள் 'கிரேட் மார்ஷ்' என்கிறார்கள். நியூ இங்கிலாந்துப் பகுதியில் துண்டுபடாமல் தொடர்ச்சியாக எஞ்சியிருக்கும் மிகப் பெரிய உவர்ச்சதுப்பு இதுவே. உவர்நிலம் என்றதும் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்து உமரிச் செடி நமக்கு நினைவுக்கு வரும். இங்கே நிலத்தை ஆள்வது புல். கடலின் ஏற்றவற்றத்தால் ஓதநீர் அன்றாடம் ஏறி இறங்கும் ஓடைக்கரைகளில் ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்னும் உயரமான புல்லும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோதங்களில் மட்டுமே நீர் எட்டும் மேட்டுப்பகுதியில் ஸ்பார்டினா பேட்டன்ஸ் என்னும் மென்மையான, சாய்ந்து படுக்கும் புல்லும் வளர்கின்றன. முதல் புல்லின் தண்டுக்குள் ஓடும் காற்றறைகள் இலை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனை மூச்சு முட்டும் சேற்றிலிருக்கும் வேர் வரை கொண்டு சேர்க்கும். மிகையான உப்பை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் இலையைத் தடவிப் பார்த்தால் உப்புப் பரல்கள் விரலில் நெருடும்.

மாசசூசெட்ஸ் மாநிலம் கடலோரச் சதுப்புகளை மண்ணிட்டு மூடுவதற்கும் தோண்டுவதற்கும் எதிராக 1963-லேயே சட்டம் இயற்றியது; அமெரிக்காவில் இவ்வகைச் சட்டங்களுள் அது முன்னோடி. 1979-இல் கிரேட் மார்ஷ் தனிக் கவனத்துக்குரிய சூழல் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுபவரைச் சட்டம் தடுத்துவிடும். கரைந்து வரும் நைட்ரேட்டையும், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏறும் கடலையும் அது தடுக்காது. இப்போதைய ஆபத்துகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

கடல் ஏறும்போது சதுப்பும் தன் தளத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். அது இரண்டு வழிகளில் உயர்கிறது. ஓதநீர் புல்லுக்குள் புகும்போது வேகம் குறைந்து, தான் சுமந்து வந்த வண்டலை இறக்கிவிட்டுப் போகிறது; இது மேலிருந்து வரும் வரவு. ஆண்டுதோறும் புதிதாக முளைக்கும் வேர்களில் ஒரு பகுதி மட்காமல் தங்கி, தளத்தை அடியிலிருந்து தள்ளி உயர்த்துகிறது; இது கீழிருந்து வரும் வரவு. பாஸ்டன் துறைமுகத்தின் ஓதமானி காட்டும் கணக்குப்படி, அங்கே கடல் மட்டம் சென்ற ஒரு நூற்றாண்டாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சராசரி வேகத்தில் ஏறி வந்திருக்கிறது. அந்த அளவுக்காவது சதுப்பு வளராவிட்டால் புல் மூழ்கும்.

சேற்றுத் தரையின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது எளிதல்ல, ஏனெனில் அளக்கப் போகிறவரின் கால் வைத்தாலே அது அமுங்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஒன்றோடொன்று திருகிப் பொருத்தி, இதற்கு மேல் இறங்காது என்ற அளவுக்கு நிலத்துக்குள் அடித்து இறக்குகிறார்கள். நிலையாக நிற்கும் அந்தக் கம்பியின் தலையில் கிடைமட்டமாக நீளும் ஒரு கையை மட்டம் பார்த்துப் பூட்டி, அதிலுள்ள துளைகளின் வழியே ஒன்பது மெல்லிய ஊசிகளை மெதுவாக இறக்கி, நுனி சேற்றைத் தொட்டவுடன் நிறுத்தி, கைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை அளவுகோலால் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கையை வேறு திசைக்குத் திருப்பி மறுபடியும் ஒன்பது அளவுகள். பக்கத்திலேயே ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெண்ணிறக் கனிமப் பொடியை ஒரு முறை தரையில் தூவிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மண் துண்டை வெட்டிப் பார்த்தால், வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு புதிய படிவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பொடிக்கு மேல் 5 மில்லிமீட்டர் சேர்ந்தும் ஊசிகள் 2 மில்லிமீட்டர் உயர்வையே காட்டினால், மீதி 3 மில்லிமீட்டர் அடியில் அமுங்கியோ மட்கியோ போயிருக்கிறது என்று பொருள். இந்தக் கழித்தல் கணக்கு இல்லாமல் நிலத்தடி இழப்பைப் பிடிக்க முடியாது. மேலே இருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

பச்சை நிறத்தை நம்பி எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதை இரண்டு சோதனைகள் காட்டின. முதலாவது, இதே மாநிலத்தின் தென்பகுதியான கேப் காடில், கிரேட் சிப்பவிசெட் சதுப்பில் ஐவன் வாலியேலாவும் ஜான் டீலும் 1970-களின் தொடக்கத்தில் தொடங்கியது. கழிவுநீர்க் கசடிலிருந்து செய்த உரத்தைச் சிறு சிறு பாத்திகளில் அவர்கள் தூவினார்கள். புல் செழித்தது, நைட்ரஜனில் பெரும்பகுதியைச் சதுப்பு வாங்கி வைத்துக்கொண்டது அல்லது வளியாக வெளியேற்றியது. ஊர்க் கழிவில் வரும் நைட்ரஜனைக் கடலுக்குப் போகவிடாமல் பிடிக்கும் இயற்கை வடிகட்டி உவர்ச்சதுப்பு என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. அந்தக் கருத்து பிழையன்று. ஆனால் வடிகட்டியை எவ்வளவு நாளைக்கு, எந்த வகை நைட்ரஜனோடு பயன்படுத்தலாம் என்ற கேள்வி கேட்கப்படாமலே இருந்தது.

இரண்டாவது, லிண்டா டீகன் தலைமையில் 2004-இல் கிரேட் மார்ஷில் தொடங்கப்பட்ட 'டைட்' திட்டம். பாத்திகளை விட்டுவிட்டு முழு ஓடைகளையே அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். கோடைகால வளர்ச்சிப் பருவத்தில் ஒவ்வொரு முறை ஓதம் ஏறும்போதும் நைட்ரேட் கரைசலை ஓடைநீரில் செலுத்தி, அதன் செறிவை இயல்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாக உயர்த்தினார்கள். இது மிகைப்படுத்திய அளவு அன்று. மக்கள் நெருக்கமான பல கழிமுகங்களில் அன்றாடம் உள்ள அளவுதான். பக்கத்து ஓடைகள் ஒப்பீட்டுக்காக அப்படியே விடப்பட்டன.

முதல் சில ஆண்டுகள் எதிர்பார்த்தபடியே கழிந்தன. ஓடைக்கரைப் புல் சற்று உயர்ந்து கருகருவென்றானது. அதைத் தின்னும் பூச்சிகளும், அவற்றைத் தின்னும் விரல் நீள மம்மிசாக் மீன்களும் கூடின. பிறகு கரைகளில் நீளவாக்கில் வெடிப்புகள் தோன்றின. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கரைத் துண்டுகள் புல்லோடு பெயர்ந்து ஓடைக்குள் சரிந்து விழத் தொடங்கின. புல் இருந்த இடத்தில் வெறும் சேறு தெரிந்தது. ஓடையிலிருந்து புல்வெளிக்கு ஏறிப் போகும் சரிவான பாதை குலைந்துவிட்டதால், கூடியிருந்த மீன்களும் பிற்பாடு குறைந்தன. ஒன்பது ஆண்டுத் தரவுகளோடு இந்த முடிவுகள் 2012-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாயின.

காரணம் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. யூரியாவை அள்ளிப் போட்ட நெல்வயலைப் பார்த்தவர்களுக்கு முதல் பக்கம் புதிதல்ல: பயிர் கருத்து உயரும், காற்றடித்தால் சாயும். சத்து வாசலுக்கே வந்துவிட்டால் செடி அதைத் தேடி வேரை நீட்டுவதில்லை. கிடைத்ததை இலையிலும் தண்டிலும் செலவிடுகிறது. வயலில் அதனால் ஒரு போக விளைச்சல் கெடும். கரையைப் பிடித்து நிற்பதே வேர்தான் என்ற இடத்தில் கரையே கெடும்.

இரண்டாவது பக்கம் நுண்ணுயிர்களுடையது. இறந்த வேரைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு, நமக்கு ஆக்சிஜன் போல, எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள் தேவை. நீர் தோய்ந்த பீட்டில் மேலோட்டமான சில மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆக்சிஜன் கிடையாது. கடல்நீரில் தாராளமாக உள்ள சல்ஃபேட்டைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும்; அழுகிய முட்டை நாற்றம் அதன் விளைவாகப் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சல்ஃபேட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அற்பம், எனவே சிதைவும் மந்தம். மடிந்த வேர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மிஞ்சுவது இந்த மந்தத்தால்தான். நைட்ரேட் வந்தால் நிலைமை மாறுகிறது, ஏனெனில் அது ஏறக்குறைய ஆக்சிஜனுக்கு நிகராக ஆற்றல் தரும். இராமநாதபுரம் பக்கத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுபவர்கள் எங்கேயும் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வார்கள். காற்று புகுந்துவிட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். பீட்டுக்குள் புகும் நைட்ரேட்டும் அப்படியொரு ஓட்டை.

இரு சோதனைகளும் வெவ்வேறு விடை சொன்னதற்கும் இதில் விளக்கம் உண்டு. சிப்பவிசெட்டில் தூவிய உரத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனிய, கரிம வடிவங்களில் இருந்தது. அது செடிக்கு உணவாகும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிட உதவாது. டைட் திட்டத்தின் நைட்ரேட் இரண்டுக்கும் உதவியது. என் பார்வையில் இந்த விளக்கம் வலுவானது. ஆயினும் சோதனை ஓடைகள் மிகச் சில என்பதையும், ஓதம் வேகமாக ஓடும் கரைகள் இயல்பாகவே ஓரளவு சரிபவை என்பதையும் எதிர்த்தரப்பு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவதில் நியாயம் இல்லாமலில்லை.

வண்டல் வரவின் கதை வேறு. ஐரோப்பியக் குடியேறிகள் காடுகளை வெட்டி உழுதபோது ஆறுகளில் மண் மிகுதியாக வந்து சதுப்பை விரித்தது என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். இன்று காடுகள் மீண்டுவிட்டன. பார்க்கர், இப்ஸ்விச் ஆறுகள் தெளிந்தே வருகின்றன. கிரேட் மார்ஷின் தளத்தில் ஆண்டுதோறும் படியும் கனிம வண்டலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதே சதுப்பின் ஓரங்கள் அரிக்கப்படுவதால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சதுப்பு தன் விளிம்பை இழந்து நடுவைத் தூக்கிக்கொள்கிறது.

இந்நிலையில் பழைய மனிதக் கைவேலையும் சேர்ந்துகொள்கிறது. பதினேழாம் நூற்றாண்டு முதலே மேட்டுப் புல்லை மாட்டுத் தீவனத்துக்கு அறுத்தார்கள்; நம் வைக்கோல்போர் போலவே குவித்து, ஆனால் ஓதம் நனைக்காதபடி நட்டு வைத்த முளைக்கட்டைகளின் மேல் ஏற்றி, பனிக்காலத்தில் நிலம் உறைந்த பின் இழுத்துச் சென்றார்கள். அதற்காகப் போட்ட வரப்புகள் புல்லுக்குள் மறைந்து இன்றும் இருக்கின்றன. 1930-களில் கொசு ஒழிப்பு என்று சொல்லி, வேலையற்றோருக்கு வேலை கொடுத்து, நேர்நேராக வாய்க்கால்களை வெட்டினார்கள். 1938-க்குள் மெய்ன் முதல் வர்ஜீனியா வரையிலான ஓதச் சதுப்புகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு இப்படி வெட்டப்பட்டுவிட்டது. கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் தங்கும் குட்டைகளும் அதோடு வடிந்துபோயின என்பது வேடிக்கை.

வாய்க்கால் ஓரத்தில் நீர் மிகையாக வடிய, பீட்டுக்குள் காற்று புகுந்து தரை அமிழ்கிறது. வாய்க்கால்களுக்கு நடுவில், வரப்பும் தோண்டிப் போட்ட மண்ணும் மறிப்பதால், ஏறிய ஓதநீர் இறங்க வழியின்றித் தேங்கி, வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. இறந்த வேர் மட்க, அந்த இடம் மேலும் பள்ளமாகி மேலும் நீரைப் பிடிக்கிறது.

பரிகாரங்கள் எளிமையானவை, அதனாலேயே எனக்குப் பிடித்தவை. தேங்கிய இடத்திலிருந்து பக்கத்து ஓடைக்கு ஒரு முழத்துக்கும் குறைந்த ஆழத்தில் சிறு வடிகால் ஒன்றைக் கீறிவிடுகிறார்கள். வேர்மண்டலத்து நீர் வடிந்தால் போதும், சில பருவங்களில் புல் திரும்புகிறது. ஆழமாக வெட்டினால் மறுபடியும் 1930-களின் தவறு நேரும். மிகையாக வடிக்கும் வாய்க்கால்களுக்கு வேறு வைத்தியம். கரையோரப் புல்லை அறுத்து, வாய்க்காலுக்குள் வாரிப் போட்டு, சணல் கயிற்றாலும் மரக்குச்சிகளாலும் அடியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஓதநீர் அந்தப் புல்லில் தடைபட்டு வண்டலை விடுகிறது. மறு ஆண்டு அதன் மேல் இன்னொரு அடுக்கு. இப்படித் தரை உயர்ந்து, முளைக்கும் அளவுக்கு ஆழம் குறைந்ததும் ஸ்பார்டினா தானாகவே இறங்கிவிடுகிறது. எல்லா வாய்க்கால்களையும் மூடுவதில்லை. நீர் போக வர முதன்மையான ஒன்றை விட்டு, மற்றவற்றைத்தான் ஆற்றுகிறார்கள். 1891-இல் நிறுவப்பட்ட ட்ரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ் அமைப்பு நியூபரியிலுள்ள தன் நிலங்களில் இந்த வேலையைச் செய்து வருகிறது.

அவசரத்துக்குக் காரணமாக ஒரு சிட்டும் இருக்கிறது. உவர்ச்சதுப்புச் சிட்டு மேட்டுப் புல்லுக்குள், தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் கூடு கட்டுகிறது. மிக உயர்ந்த பெருவோதங்களுக்கு இடையே ஏறக்குறைய நான்கு வார இடைவெளி உண்டு. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு கூட்டைவிட்டுத் தாவி ஏறுவதற்கு அதற்குச் சில நாட்களே குறைவாக ஆகின்றன. கடல் சற்று உயர்ந்தாலும், தரை சற்று அமிழ்ந்தாலும் அந்தச் சில நாட்கள் கரைந்து, முட்டை மிதந்து போகிறது. 1990-களின் இறுதியிலிருந்து இதன் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு வீதம் சரிந்து வந்திருக்கிறது. ஆகவே கூடுகளில் குஞ்சு இல்லை என்று உறுதியான பிறகே வாய்க்கால் ஓரத்துப் புல்லில் கத்தி வைக்கிறார்கள். அறுத்ததைக் கட்டி முடித்ததும், பக்கத்தில் நிற்கும் எஃகுக் கம்பியில் ஊசிகளை இறக்கி அந்த ஆண்டின் உயரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.