விலை குறைந்த டேப்லெட்: வேகம் எங்கே தொலைகிறது?

2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தார். மாணவர்களுக்கு மிகக் குறைந்த விலையில் ஒரு கணினி என்பது திட்டம். 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம். திரையோ அழுத்தினால்தான் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் வகை. எங்கே செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்பது அதைக் கையில் வாங்கிய நிமிடமே விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு வந்த ஆகாஷ் 2-இல் மெல்லத் தொட்டாலே வேலை செய்யும் கெப்பாசிட்டிவ் திரையும் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசரும் கொடுத்தார்கள்.

இன்று பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டேப்பைக் கடையில் எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு குறையும் கண்ணில் படாது. திரை பளிச்சென்று இருக்கும், தொட்டால் வழுக்கிக்கொண்டு நகரும். பெட்டியில் எட்டு கோர், 64 ஜிபி ஸ்டோரேஜ், 4 ஜிபி ரேம் என்று போட்டிருக்கும். பிள்ளையின் படிப்புக்கு இது போதும் என்று வாங்கி வருகிறோம். ஆறு மாதமோ ஒரு வருடமோ போனதும் பாட வீடியோவைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கீபோர்டு எழுந்து வரவே சில வினாடிகள் ஆகின்றன. பிராசசர் சரியில்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் முதல் குற்றவாளி, ஆப்களும் ஃபைல்களும் நிரந்தரமாகத் தங்கும் ஸ்டோரேஜ்; இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தற்காலிகமாகத் தங்கும் ரேம். பிராசசர் அதற்கப்புறம்தான். பெட்டியில் அச்சாகும் எண்கள் எத்தனை ஜிபி இருக்கிறது என்று சொல்கின்றன. அந்த ஜிபி எவ்வளவு வேகத்தில் வேலை செய்யும் என்ற விவரம் அங்கே இருக்காது. விலையைக் குறைக்கும்போது கத்தி விழுவது அந்த விவரத்தின் மேல்தான்.

டேப்லெட்டின் ஸ்டோரேஜ் நேண்ட் ஃபிளாஷ் என்ற சிப். நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்துவைத்து, அறையின் மின்னழுத்த அளவைப் பார்த்துத் தகவலைப் படிக்கிறது. ஓர் அறையில் ஒரு பிட் (0 அல்லது 1) வைத்தால் இரண்டு அளவுகளைப் பிரித்தறிந்தால் போதும். மூன்று பிட் வைத்தால் எட்டு அளவுகளைப் பிரிக்க வேண்டும். அதே சிப்பில் மூன்று மடங்கு கொள்ளளவு கிடைக்கிறது, ஆனால் எட்டில் சரியான அளவுக்கு மின்னழுத்தத்தைக் கொண்டுவந்து நிறுத்த நேரம் ஆகிறது. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அறையின் காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது.

இதைவிட முக்கியமான சிக்கல் அழிப்பதில் இருக்கிறது. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக, சில கிலோபைட் அளவில் நடக்கும். ஏற்கெனவே எழுதிய பக்கத்தின் மேல் அப்படியே எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய தொகுதியாக மட்டுமே முடியும். ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாத கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: வேண்டிய வரிகளை எல்லாம் முதலில் வேறு பலகையில் எழுதிக்கொண்டு, அப்புறம் முழுப் பலகையையும் துடைக்க வேண்டும். ஸ்டோரேஜில் காலி இடம் நிறைய இருக்கும் வரை, டேப் சும்மா கிடக்கும் நேரத்தில் இந்த வேலை நடந்துவிடும். இடம் நிரம்ப நிரம்ப ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் முன்னால் இந்த இடமாற்றம் நடந்தாக வேண்டும். நாலு கிலோபைட் சேமிக்க அதைப் போலப் பல மடங்கு தகவல் உள்ளுக்குள் இடம் மாறுகிறது. புதிதில் பறந்த டேப் நிரம்பியதும் தவழ்வது இதனால்தான்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. கூகுளும் ஏசுஸும் சேர்ந்து 2012-இல் 199 டாலர் விலையில் நெக்சஸ் 7 என்ற டேப்லெட்டைக் கொண்டுவந்தார்கள். நான்கு கோர் டெக்ரா 3 பிராசசர், 1 ஜிபி ரேம். அந்த விலைக்கு அது பெரிய விஷயம், எல்லோரும் பாராட்டினார்கள். கொஞ்ச காலத்திலேயே டேப் இழுக்கிறது, உறைகிறது என்று பலரும் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள், குறிப்பாக ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தவர்கள். பிராசசர் அதேதான். காரணத்தில் பெரும்பங்கு ஸ்டோரேஜுக்கு. ஒரு ஃபைலை நீக்கும்போது ஆண்ட்ராய்டு தன் அட்டவணையில் மட்டும் அதை அடித்துவிடும். ஃபிளாஷ் சிப்புக்கு அந்தச் செய்தி போகாது. செத்துப்போன ஃபைலையும் உயிரோடு இருப்பதாக எண்ணி அது இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். 2013 ஜூலையில் ஆண்ட்ராய்டு 4.3 வந்தபோது இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம் என்று சிப்புக்குச் சொல்லும் 'டிரிம்' வசதி சேர்ந்தது. பலருடைய நெக்சஸ் 7 மறுபடி நடக்க ஆரம்பித்தது. இன்றைய டேப்களிலும் இந்த வேலை, பொதுவாகச் சார்ஜில் போட்டுச் சும்மா வைத்திருக்கும் இரவு நேரத்தில் தானாக நடக்கிறது.

சரி, டிரிம் வந்த பிறகும் ஏன் திணறல்? மலிவு டேப்களில் ஃபிளாஷ் சிப்பைப் பிராசசரோடு இணைப்பது பெரும்பாலும் இஎம்எம்சி என்ற முறை. அதில் ஒரு நேரத்தில் படிக்கலாம், அல்லது எழுதலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. இஎம்எம்சி 5.1-இன் உச்சவரம்பு ஏட்டளவில் வினாடிக்கு 400 எம்பி. நல்ல போன்களில் 2015 வாக்கிலேயே வர ஆரம்பித்த யுஎஃப்எஸ் முறையில் போக, வர தனித்தனித் தடங்கள் உண்டு; யுஎஃப்எஸ் 2.1-இல் இரண்டு தடங்கள் இருந்தால் ஏட்டளவில் ஏறத்தாழ 1,200 எம்பி. உச்ச வேகத்தைவிட அன்றாடம் நம்மைப் பாதிப்பது வரிசையில் நிற்பதுதான். பிளே ஸ்டோர் பின்னணியில் ஏதோ ஆப்பை அப்டேட் செய்துகொண்டிருக்கும். வாட்ஸ்அப் ஒவ்வொரு செய்தியையும் தன் தகவல் தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பாடப் புத்தகத்தைத் திறந்தால், உங்கள் கோரிக்கை அந்த எழுத்து வேலைகளுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். நாம் 'ஹேங் ஆகுது' என்று சொல்லும்போது, பல நேரங்களில் பிராசசர் வேலையில்லாமல் ஸ்டோரேஜின் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறது.

ரேமுக்கு வருவோம். 3 ஜிபி, 4 ஜிபி என்பதில் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்கிறது. மீதி தீர்ந்ததும், பின்னால் இருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாகக் கொன்றுவிடும். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிரவுசரில் பாதி நிரப்பிவிட்டு, புகைப்படம் தேட கேலரிக்குப் போய்த் திரும்பினால் படிவம் வெறுமையாக நிற்பது இந்தக் கொலையின் விளைவு. இதை மறைக்கத்தான் '4+4 ஜிபி', 'விரிவாக்கப்பட்ட ரேம்' என்று எழுதுகிறார்கள். கூட்டலுக்குப் பின்னால் இருக்கும் 4 ஜிபி, ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்தது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோவினாடி ஆகிறது. ஃபிளாஷிலிருந்து எடுக்க சுமார் 100 மைக்ரோவினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. ஏற்கெனவே மூச்சு வாங்கும் இஎம்எம்சியின் தலையில் ரேமின் சுமையையும் ஏற்றி, அதன் தேய்மானத்தையும் கூட்டும் ஏற்பாடு இது. 8 ஜிபி என்று இதைக் கூட்டிச் சொல்லி விற்பது சரியில்லை என்பதுதான் என் கருத்து.

பிராசசரில் 'எட்டு கோர்' என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். கோர் என்பது பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் கோர்டெக்ஸ் ஏ53 வடிவமைப்பை அறிவித்தது 2012-இல், ஏ55-ஐ 2017-இல். இரண்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்த உருவான சிறிய கோர்கள்; கட்டளைகளை வந்த வரிசைப்படியே செய்யும், ஒன்று தடைப்பட்டால் பின்னால் வருவதும் நிற்கும். யுனிசாக் நிறுவனத்தின் எஸ்சி9863ஏ பிராசசரில் எட்டுமே ஏ55. அதே நிறுவனத்தின் டி606-இல் இரண்டு பெரிய ஏ75 கோர்கள், ஆறு ஏ55 கோர்கள். பெட்டியில் இரண்டுமே எட்டு கோர்தான். ஆப் திறப்பது, வலைப்பக்கம் வரைவது போன்ற வேலைகள் ஓரிரு கோர்களின் தனி வேகத்தையே நம்பியிருப்பதால், அந்த இரண்டு பெரிய கோர்கள் இருப்பது கையில் நன்றாகவே தெரியும்.

திரை விஷயத்தில் தமிழ் வாசிப்பவர்களுக்குத் தனிக் கவலை இருக்கிறது. 10.1 அங்குலத்தில் 1280×800 என்றால் அங்குலத்துக்கு சுமார் 149 புள்ளிகள் (பிக்சல்). வீடியோவுக்கு இது பரவாயில்லை. ஸ்கேன் செய்த ஏ4 பக்கத்தை நெட்டுவாக்கில் முழு அகலத்துக்கு வைத்துப் படித்தால் கதை வேறு. 800 புள்ளிகளை 8.27 அங்குல அகலமுள்ள பக்கத்துக்குப் பங்கிட்டால், மூலப் பக்கத்தின் ஓர் அங்குலத்துக்கு 97 புள்ளிதான் கிடைக்கும். 10 பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை மொத்தமே பதின்மூன்று புள்ளி வரிசைகள். மேலே மெய்யெழுத்தின் புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும், கீழே உகரச் சுழிகளும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து இதில் தப்பித்துவிடும். 'மு'வும் 'மூ'வும், 'கி'யும் 'கீ'யும் ஒன்றோடொன்று குழம்பும். 1920×1200 திரையில் அதே எழுத்துக்கு இருபது வரிசைகள் கிடைக்கின்றன. போட்டித் தேர்வுக்கு பிடிஎஃப் படிக்க டேப் வாங்குபவர்கள் மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் காற்றிடைவெளி இருப்பதும் மலிவு டேப்களில் சகஜம். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இடைவெளி இருந்தால் அப்படிப்பட்ட பரப்புகள் இரண்டு கூடுகின்றன. வெளிச்சமான அறையில் முகம் தெரிகிறதே தவிர எழுத்து தெரியாமல் போவது இதனால்.

ஓடிடி படங்களை யாரும் நகலெடுக்காமல் காக்க வைட்வைன் என்ற பூட்டு இருக்கிறது. அதில் எல்1 நிலைச் சான்று இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் 480பி தரத்தில்தான் ஓடும். யூடியூப் பாடங்களுக்கு இந்தத் தடை இல்லை. வைஃபை மட்டும் உள்ள பல மாடல்களில் ஜிபிஎஸ் இருக்காது. சிம் போடும் வசதி இல்லாத டேப்பில் யுபிஐ பதிவும் நடக்காது, ஏனென்றால் வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணின் சிம்மிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும்.

பேட்டரியை எம்ஏஎச் அளவில் மட்டும் பார்க்காதீர்கள். 8,000 எம்ஏஎச்சைப் பேட்டரியின் வோல்ட்டேஜால் பெருக்கினால் அதில் அடங்கும் மின்சாரம் சுமார் 31 வாட் மணி. 10 வாட் சார்ஜரில் இழப்பே இல்லாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். லித்தியம் பேட்டரி கடைசிக் கட்டத்தில் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் நடைமுறையில் நான்கு மணி நேரத்தையும் தாண்டலாம்.

என்னை அதிகம் உறுத்துவது பாதுகாப்பு அப்டேட். ஆண்ட்ராய்டின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை கூகுள் 2015 ஆகஸ்ட் முதல் தொடர்ந்து வெளியிட்டுவருகிறது. அவை உங்கள் டேப்புக்கு வந்து சேர, பிராசசர் செய்தவரும் டேப் செய்தவரும் அதற்கென்று ஆள் வைத்து வேலை பார்க்க வேண்டும். குறைந்த லாபத்தில் விற்கும் பொருளுக்கு முதலில் நிற்பது இந்தச் செலவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட் கிடைக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். பெயர் தெரியாத பிராண்டுகளில் ஆபத்து இன்னும் ஒரு படி மேல்: 2023-இல் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளிக்கொண்டுவந்த 'பேட்பாக்ஸ்' விவகாரத்தில், மலிவு டிவி பெட்டிகளிலும் ஒரு டேப்லெட்டிலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரல் உள்ளே இருந்தது. குழந்தைகள் கையில் கொடுக்கும் பொருள் இது.

வாங்கப் போகிறவர் மாடல் பெயரை வைத்து நான்கு கேள்விக்கு மட்டும் பதில் தேடினால் போதும்: ஸ்டோரேஜ் இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா, கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள ரேம் எவ்வளவு, திரை 1920×1200-ஆ, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை. பதில்கள் திருப்தியாக இல்லை என்றால், அதே பணத்துக்கு நல்ல பிராண்டின் ஒன்றிரண்டு ஆண்டு பழைய நடுத்தர மாடல், புதுப்பிக்கப்பட்ட நிலையில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். பேட்டரியின் நிலையையும் அப்டேட் எத்தனை நாள் பாக்கி என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் செட்டிங்ஸில் ரேம் விரிவாக்கத்தை நிறுத்திப் பாருங்கள். ஸ்டோரேஜில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருங்கள். பிளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, படிப்பு முடிந்த பிறகு நீங்களே இரவில் அப்டேட் செய்யுங்கள். வீடியோவையும் பிடிஎஃப்களையும் மெமரி கார்டுக்கு மாற்றலாம். ஆப்களை மாற்ற வேண்டாம், சாதாரண கார்டு இஎம்எம்சியைவிட மெதுவானது.