ஏழு வாய்க்கு ஒரு கொப்பி

அந்தப் பூனை ஆறு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாக என் மேசைக்கு வந்திருந்தது. வாலடியில் மயிர் கொட்டி, தோல் சிவந்து, நக்கி நக்கியே புண்ணாகிக் கிடந்தது. முதல் இரண்டு தடவையும் அரிப்புக் குறைய ஊசி போட்டேன். குறைந்தது, பிறகு திரும்ப வந்தது. மூன்றாவது தடவைதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"ரீச்சர், வீட்டில வேற பூனை நாய் இருக்கோ?"

"இருக்குப் பிள்ளை."

"எத்தினை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் எண்ணுறேல்லை. எண்ணினாப் பயமாக் கிடக்கு."

இருவரும் சேர்ந்து எண்ணினோம். நாய் மூன்று, பூனை நான்கு. இணுவில் பக்கம் தனியாக, ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்த இரண்டு தடவையும் அவருக்குப் போன ஓட்டோக் காசிலும் ஊசிக் காசிலும் என் கவனக்குறைவுக்கும் பங்கு உண்டு. அன்று தொடக்கம், ஒரு பிராணியோடு யார் வந்தாலும் வீட்டில் மொத்தம் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஏழு பிராணி வளர்ப்போம் என்று முடிவெடுத்து யாரும் வளர்ப்பதில்லை. படலையடியில் யாரோ பெட்டியில் குட்டிகளை விட்டுப் போவார்கள். வெளிநாடு போன பிள்ளையின் நாய் தாய் தகப்பனோடு நின்றுவிடும். கோடிப்பக்கம் வந்த பெட்டைப் பூனை விறகுக்குள் குட்டி போடும். ஒவ்வொன்றாக வருவதால் செலவும் ஒவ்வொரு பிடியாக ஏறும். ஒரு நாளும் அது மொத்தமாகக் கண்ணில் படாது. அதனால்தான் ரீச்சரிடம் ஒரு கொப்பி வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பக்கம்: பெயர், வயது, நிறை, போட்ட ஊசி, கொடுத்த பூச்சி மருந்து, அடுத்த திகதி. கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கான மொத்தச் சாப்பாடு.

நிறையை எடுப்பது பெரிய வேலையில்லை. நீங்கள் தராசில் ஏறிப் பாருங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழியுங்கள். பூச்சி மருந்தும் தெள்ளு மருந்தும் நிறைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். கண்மட்டத்தில் கொடுத்தால் ஒன்றில் மருந்து வீண், அல்லது பிராணிக்கு ஆபத்து.

இனிச் சாப்பாடு. இங்கே நான் விலை எழுதவில்லை. 2022 இல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 அளவுக்கு ஏறியதை எல்லோரும் பார்த்தோம். இறக்குமதியாகிப் பையில் வரும் தீனை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் அப்போது பட்ட பாடு எனக்குத் தெரியும். இரவோடு இரவாகச் சோற்றுக்கு மாற்றி, நாய்க்கு வயிற்றால் போகிறது என்று வந்து நின்றவர்கள் பலர். தீனை மாற்றுவதென்றால் ஒரு கிழமை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். விலை மாறும், வயிற்றின் அளவு மாறாது. ஆகவே நிறையைச் சொல்கிறேன், இன்றைய விலையால் நீங்களே பெருக்குங்கள்.

15 கிலோ நிறையுள்ள, வளர்ந்த ஊர்நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். வீட்டுச் சமையல் என்றால் சுமார் 150 கிராம் அரிசியும் 200 கிராம் மீன் அல்லது இறைச்சியும். மூன்று நாய்க்கு மாதம் 13 கிலோவுக்கு மேல் அரிசி, 18 கிலோ மீன். 4 கிலோப் பூனைக்கு ஏறத்தாழ 240 கலோரி, அதாவது உலர்தீன் 60 கிராமளவு. நான்கு பூனைக்கு மாதம் 7 கிலோவைத் தாண்டும். இதை எழுதிக் காட்டியதும் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். தன் வீட்டுக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி ஏன் காணாமல் போகிறது என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. முழு அரிசிக்குப் பதில் குறுணல் போதும். காலையில் மீன் வள்ளம் வரும் நேரம் சூடை மலிவு. அவித்துக் கொடுங்கள், பச்சையாக வேண்டாம். இறைச்சிக் கடையில் கோழி ஈரலும் கழுத்தும் கேட்டு வாங்கலாம், ஆனால் அவித்த பிறகு கழுத்தின் எலும்பை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுங்கள்; அவித்த எலும்பு வேண்டவே வேண்டாம். உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. அதை நாய்த்தீனிலோ வெறும் சோற்றிலோ வளர்த்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் பழுதாகும். ஒரு பானையில் காய்ச்சி ஏழு தட்டில் ஊற்றுவது சுலபம்தான், அது பூனைக்குச் சரிவராது.

மிச்சக் கறிக்குக் காசில்லை என்று நினைக்கிறோம். எங்கள் கறி எதிலே தொடங்குகிறது? வெங்காயத்தில். சின்ன வெங்காயமோ பெரிய வெங்காயமோ, உள்ளியோ, நாய்க்கும் பூனைக்கும் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வதக்கினாலும் அவித்தாலும் அந்தத் தன்மை போகாது. பல்முரசு வெளுத்து, சிறுநீர் கறுத்துச் சிவந்து வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். "ஒண்டும் புதுசாக் குடுக்கேல்லை டொக்டர், வழமையான கறிச்சோறுதான்" என்பார்கள். உப்பும் வெங்காயமும் தூளும் போடுமுன் நாய் பூனையின் பங்கை எடுத்து வையுங்கள்.

ரீச்சரின் பூனைக்கு வருவோம். அதன் நோய்க்குப் பெயர் தெள்ளுக்கடி ஒவ்வாமை. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை போடும். முட்டை மயிரில் நிற்காது. பாயிலும் சாக்கிலும் கதிரை இடுக்கிலும் உதிர்ந்து, அங்கேயே புழுவாகிக் கூட்டுப்புழுவாகி இரண்டு மூன்று கிழமையில் திரும்ப ஏறும். நாங்கள் உடம்பில் காண்பது சிறு பங்கு, மிச்சமெல்லாம் வீட்டுக்குள். ஏழில் ஒன்றுக்கு மருந்து போட்டால் மற்ற ஆறும் அதற்குத் தெள்ளைத் திருப்பிக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், குறைந்தது மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். படுக்கிற துணிகளைக் கொதிநீரில் தோய்த்து வெயிலில் போட வேண்டும். தெள்ளை விழுங்கினால் நாடாப்புழுவும் வரும். ஆசனவாயைச் சுற்றிச் சோற்றுப்பருக்கை மாதிரி நெளிவது அதுதான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சம் பிடிக்க நினைத்து நாயின் தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. நடுங்கி, வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் செத்துப்போகலாம். பரசிட்டமோல் குளிசையும் அப்படித்தான். ஒரே ஒரு குளிசை போதும் ஒரு பூனையைக் கொல்ல.

விசர் நோய்த் தடுப்பூசி அரச தரப்பில் இலவசமாகவே போடப்படுகிறது. இந்த நாட்டில் விசர் நோய்ச் சட்டம் 1893 இலும் நாய்ப் பதிவுச் சட்டம் 1901 இலும் வந்துவிட்டன. அப்படியிருந்தும் நாய்க்குப் போட்டுவிட்டுப் பூனையை விட்டுவிடுகிறோம். பூனை கடித்தாலும் விசர் வரலாம். ஊரில் ஊசி போட வருகிற நாளைக் கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். குட்டி நாய்க்கு ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, 16 கிழமை ஆகும்வரை மூன்று நான்கு கிழமைக்கு ஒருக்கால் பார்வோ என்ற வயிற்றோட்ட நோய்க்கான தடுப்பூசி போட வேண்டும். இதற்குக் காசு வேண்டும்தான். ஆனால் பார்வோ வந்தால் நாட்கணக்கில் சேலைன் ஏற்ற வேண்டிவரும். கிருமி வளவு மண்ணில் பல மாதம் கிடந்து அடுத்த குட்டியையும் பிடிக்கும். புதிதாக வந்த குட்டியை இரண்டு கிழமையாவது மற்றவற்றோடு சேர்க்காமல் வையுங்கள்.

எல்லாச் செலவிலும் பெரிய மிச்சம் கருத்தடைச் சத்திரசிகிச்சையில்தான் இருக்கிறது. பெட்டைப் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஒன்பது கிழமை. வருடம் இரண்டு மூன்று ஈற்று. மேலே எழுதிய 60 கிராமை அந்தக் குட்டிகளால் பெருக்கிப் பாருங்கள். "ஊசியாப் போட்டுவிடுங்கோ, மலிவெல்லோ" என்று கேட்கிறவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். குட்டி நிற்கப் போடும் அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டால் கர்ப்பப்பை சீழ் பிடிக்கலாம். அப்போது இரவோடு இரவாக வயிற்றைத் திறக்க வேண்டிவரும். செலவும் கூட, உயிருக்கும் உறுதியில்லை. முதலிலேயே செய்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம் என்று அந்த மேசையில் நின்று சொல்வது எனக்கும் கஷ்டமான வேலை.

ரீச்சர் நாய்களையும் பூனைகளையும் இரண்டு நடையாகக் கொண்டுவந்தார். இரண்டு பெட்டைகளுக்குக் கருத்தடை, ஏழுக்கும் பூச்சி மருந்து, தெள்ளு மருந்து. முதல் மாதம் செலவு கூடத்தான். நான் கட்டணத்தில் கொஞ்சம் பொறுத்தேன், அவர் மூன்று தவணையில் தந்தார். உங்கள் வைத்தியரிடமும் தவணை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நான்காம் மாதத்தில் பூனையின் வாலடியில் மயிர் முளைத்திருந்தது. கொப்பியில் "ஓட்டோ" என்று எழுதிய கோடு அந்த மாதம் வெறுமையாக இருந்தது.

போன மாரி மழைக்குள் அவர் படலையடியில் இன்னொரு குட்டி. ஈரத்தைத் துடைத்து, சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தாராம். கட்டாது. நான்கு வீடு தள்ளி, பூனை இல்லாத ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களோடும் குட்டியோடும் என்னிடம் வந்தார். முதல் பூச்சி மருந்துக்கும் ஊசிக்கும் தானே காசு கொடுத்தார். பிறகு கைப்பையிலிருந்து புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் குட்டியின் நிறையை எழுதி, அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்: 620 கிராம்.