ஈஸ்வரி காதுபடவே ஒரு ரகசியம்

"குறியாக்கத்தைப் பற்றி எதைப் படித்தாலும் ஆலிஸ், பாப் என்றே வருகிறதே, யார் இவர்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குறியாக்கம் என்றால் செய்தியைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றுவது. ஆலிஸ், பாப் என்று நிஜத்தில் யாரும் இல்லை. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978-ல் வெளியிட்ட குறியாக்கக் கட்டுரையில், செய்தி பரிமாறும் இருவரைக் குறித்த ஏ, பி என்ற எழுத்துகளுக்குப் பெயர் சூட்டினார்கள். ஒட்டுக்கேட்கும் ஈவ், நடுவில் புகுந்து செய்தியை மாற்றும் மாலரி எல்லாம் பின்னால் வந்தவர்கள். நமக்கு அல்லி, பாண்டி, ஈஸ்வரி, மாயாண்டி போதும்.

அல்லி சிம்மக்கல்லில், பாண்டி உசிலம்பட்டியில். ஈஸ்வரி ஒரு சொல் விடாமல் கேட்கிறாள். அவள் காதுபடவே பேசி, அவளுக்குத் தெரியாத ஓர் எண்ணுக்கு இருவரும் வந்து சேர வேண்டும். 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட வழி இது.

17, 3 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிக்கொள்கிறார்கள். அல்லி மனசுக்குள் 4-ஐ வைத்துக்கொள்கிறாள். நான்கு 3-களைப் பெருக்கினால் 81. 17-ஆல் வகுத்தால் மீதி 13. அந்த 13-ஐ மட்டும் உரக்கச் சொல்கிறாள். பாண்டியின் ரகசியம் 7. ஏழு 3-களைப் பெருக்கினால் 2187, மீதி 11. அவன் 11 என்கிறான்.

இனிமேல்தான் அழகு. அல்லி, பாண்டியின் 11-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்குகிறாள்: 14641, மீதி 4. பாண்டி, அல்லியின் 13-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறான். ஒவ்வொரு பெருக்கலிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 13, 16, 4, 1, 13, 16, 4. அவனுக்கும் 4! இதுதான் இனி செய்திகளைப் பூட்டித் திறக்கும் பொதுச் சாவி (அல்லி மனசுக்குள் வைத்த எண்ணும் 4 என்பது தற்செயல்). இரண்டு பக்கமும் இருபத்தெட்டு 3-களின் பெருக்கல்தான், வரிசைதான் வேறு. ஈஸ்வரியிடம் 17, 3, 13, 11 நான்கும் இருந்தும், மீதியிலிருந்து அடுக்கை, அதாவது எத்தனை 3-கள் பெருக்கப்பட்டன என்பதை, பின்னோக்கிக் கண்டுபிடிக்க எளிய வழி எதுவும் சாதாரணக் கணினிகளுக்கு இதுவரை தெரியாது. 17 என்றால் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடுவாள். அதனால் நடைமுறையில் 617 இலக்கப் பகா எண்ணை வைக்கிறார்கள்.

மனசுக்குள் வைக்கும் ரகசிய எண் குருட்டாம்போக்கில் வர வேண்டும். எண் கணிதக்காரர் சொன்ன ராசி எண்ணையோ பிறந்த தேதியையோ வைப்பது கதவைத் திறந்துபோடுவதுதான். நூறு வருடத் தேதிகள் மொத்தமே சுமார் 36,500. கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை.

மாயாண்டி வந்தால் கதை வேறு. அவன் தன் ரகசியம் 5-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, அவர்கள் சொன்ன 13, 11-ஐ நடுவிலேயே மறித்து, வரும் மீதி 5-ஐ இருவருக்கும் அனுப்புகிறான். அல்லிக்குச் சாவி 13, பாண்டிக்கு 10. இரண்டும் மாயாண்டி கையில். எதிரே பேசுவது யார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்குத்தான் இணையதளங்களுக்கு, இது இன்னாருடையதுதான் என்று உறுதி சொல்லும் சான்றிதழ். வாட்ஸ்அப்பிலும் ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் உண்டு. அல்லியும் பாண்டியும் மாட்டுத்தாவணியில் நேரில் சந்தித்து, இரண்டு போனிலும் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓர் இலக்கம் பிசகினாலும் அந்த வழியில் எதையும் அனுப்பக் கூடாது.