61, 66, 70: இலியா டோபூரியாவும் தராசும்

2022 ஜனவரி. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில், ஹோண்டா சென்டரில் கலப்புச் சண்டை (எம்.எம்.ஏ.) அமைப்பான யூ.எஃப்.சி.யின் 270-ஆம் எண் நிகழ்ச்சி. ஃபெதர்வெயிட் (65.8 கிலோ) பிரிவில் கனடாவின் ஷார்ல் ஜோர்டெய்னோடு மோத வேண்டிய இலியா டோபூரியா அன்று கூண்டுக்குள் இறங்கவே இல்லை. எடை குறைக்கும்போது உடம்பு படுத்துவிட்டது, போட்டி ரத்து. இரண்டு வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 17 அன்று, அதே அரங்கில், அதே எடைப்பிரிவில், அப்போதைய சாம்பியன் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கியை இரண்டாவது சுற்றில் வலது கையால் சாய்த்து உலகப் பட்டத்தை வாங்கினார். ரசிகர்கள் இரண்டாவது இரவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். விளையாட்டு மருத்துவத்தில் இருப்பவர்கள் பேச வேண்டியது முதலாவதைப் பற்றி.

டோபூரியா 1997-இல் ஜெர்மனியில் ஜார்ஜியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில் ஜார்ஜியாவில் கிரேக்க-ரோமன் மல்யுத்தம், பதினைந்து வயதில் ஸ்பெயினின் அலிகான்தே நகரம், அங்கே கிளிமென்ட் சகோதரர்களின் ஜிம். தரைச் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை வாங்கியவர் என்றாலும், ஆட்களைத் தரையில் கிடத்துவது பெரும்பாலும் அவருடைய குத்துச்சண்டைதான். இந்த வாழ்க்கையை மூன்று எடை வரம்புகளில் சொல்லிவிடலாம்: 61.2, 65.8, 70.3 கிலோ. 2018-இல் கேஜ் வாரியர்ஸ் அமைப்பில் 61.2 கிலோ பட்டத்துக்கு மோத வந்தபோது எடை கூடிவிட்டது. சண்டையில் ஜெயித்தார், பட்டம் கையில் வரவில்லை. பிறகு 65.8. அங்கேதான் மேலே சொன்ன ஜனவரி. 2025-இல் ஃபெதர்வெயிட் பட்டத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்து 70.3-க்கு ஏறினார். ஜூன் 28 அன்று லாஸ் வேகாசில் சார்ல்ஸ் ஒலிவேராவை முதல் சுற்றில் 2 நிமிடம் 27 விநாடியில் முடித்தார்.

சாம்பியன் பட்டத்தை யாராவது சும்மா தூக்கிக் கொடுப்பார்களா என்று பலர் கேட்டார்கள். எடை குறைப்பில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி வராது.

யூ.எஃப்.சி.யில் சண்டைக்கு முந்தைய நாள் காலையில் எடை பார்ப்பார்கள். சாதாரணப் போட்டி என்றால் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) சலுகை உண்டு, பட்டப் போட்டியில் அதுவும் கிடையாது. சண்டைக்கு இன்னும் ஒரு நாளுக்கு மேல் இருப்பதால், எடை பார்க்கும் நேரத்தில் மட்டும் வற்றிப்போய் நின்று, பிறகு ஊறிக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் போட்டி நாள் காலையிலேயே எடை. இரண்டாம் நாளும் ஏற வேண்டும். பாரிஸில் 50 கிலோவுக்கு 100 கிராம் கூடுதலாக வினேஷ் போகாட் நின்றது அப்படித்தான்.

75 கிலோ உடம்போடு இருக்கும் ஒருவர் 65.8-க்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறைய வேண்டியது 9.2 கிலோ. இதை முழுக்க வியர்வையாக வடிக்க நினைப்பவர் ஆஸ்பத்திரியில்தான் கண் விழிப்பார். சரியாகத் திட்டமிட்டால், எட்டு வாரத்தில் வாரம் அரைக் கிலோ என்ற வேகத்தில் கொழுப்பு சுமார் 3.8 கிலோ. கடைசி வாரத்தில் மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீரும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது, அதுவும் சேர்ந்து வெளியேறுவதில் 1.8 கிலோ. கடைசி மூன்று நாள் நார்ச்சத்தை 10 கிராமுக்குள் வைத்தால் குடலில் தேங்கியிருப்பது குறைந்து 0.8 கிலோ. மிச்சம் 2.8 கிலோ. இதுதான் வியர்வையின் பங்கு, அந்த நேரத்து எடையில் 4 சதவீதத்தை ஒட்டி. தண்ணீராக இழப்பது 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டும்.

தண்ணீரை ஏற்றி இறக்குவது என்று ஒரு முறை இருக்கிறது. மூன்று நாள் கிலோவுக்கு 100 மி.லி. குடித்து, எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் 15 மி.லி.யாகக் குறைப்பது. சிறுநீர் போகும் வேகம் கொஞ்ச நேரம் அப்படியே தொடர்வதால் எடை இறங்கும். இது வேலை செய்கிறது, ஆனால் இணையத்தில் படித்துச் செய்பவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள்: தண்ணீர் ஏற்றும் அதே நாட்களில் உப்பையும் முழுசாக நிறுத்திவிடுகிறார்கள். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 130 மில்லிமோலுக்குக் கீழே சரிந்தால் தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. தலைவலி வந்ததும் ‘தண்ணீர் பத்தவில்லை’ என்று இன்னொரு லிட்டர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். உப்பைக் கடைசி நாளில் குறைத்தால் போதும்.

பிறகு வியர்வை. 39 முதல் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 15–20 நிமிடம், வெளியே வந்து டவல், போர்வை சுற்றி அரை மணி நேரம். ஒரு சுற்றுக்கு அரை முதல் ஒரு கிலோ வரை இறங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை எழுத வேண்டும். பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரமும் இருக்க வேண்டும். பணம் வாங்கியிருக்கும் மேனேஜரை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள்.

ஆபத்து எங்கே தொடங்குகிறது? இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையக் குறைய இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். ஒரு கட்டத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைக் காப்பாற்ற, தோலுக்குப் போவதை உடம்பு குறைக்கும். தோலுக்கு இரத்தம் இல்லையென்றால் வியர்வை இல்லை, வியர்வை இல்லையென்றால் வெப்பம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். ‘வியர்வை நின்றுபோச்சு, தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கு’ என்று ஜிம்களில் சொல்லும் அந்த நிமிடம்தான் ஹீட் ஸ்ட்ரோக்கின் வாசல். படுத்துப் பத்து நிமிடமாகியும் நாடி 120-ஐ விட்டு இறங்காதது, எழுந்ததும் கண் இருட்டுவது, ஒரே நேரத்தில் பல தசைகள் பிடித்துக்கொள்வது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், கோலா நிறச் சிறுநீர். இதில் ஒன்று வந்தாலும் எடை குறைப்பு முடிந்தது, மீதி எத்தனை கிராம் இருந்தாலும் சரி.

சிறுநீரகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பயிற்சி முகாமின் கடைசி வாரத்தில் முழங்கால் வலி, விலா வலி என்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போடாத சண்டைக்காரர் அபூர்வம். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கப் பயன்படுத்தும் வழியையே அந்த மாத்திரை அடைத்துவிடும். கூடவே கடும் பயிற்சியில் சிதைந்த தசையின் கழிவும் சேர்ந்தால், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஒரே நாளில் இரண்டு மடங்காகலாம். எடை குறைக்கும் வாரத்தில் அந்த வகை வலி மாத்திரை கூடவே கூடாது. நீர் பிரியும் மாத்திரை (லாசிக்ஸ்) இதைவிட மோசம். பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போய் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும், ஊக்கமருந்துச் சோதனையிலும் மாட்டும். 2013-இல் பிரேசிலில் லியான்த்ரோ சோசா இறந்தது எடை குறைப்பின்போது. 2015 டிசம்பரில் மணிலாவில் 21 வயது சீன வீரர் யாங் ஜியான்பிங் இறந்ததும் அப்படித்தான். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் 1997-இன் கடைசி இரண்டு மாதங்களில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அங்கே சானா என்ற வெப்ப அறையும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன.

தராசிலிருந்து இறங்கியதும் செய்யும் தவறுகள் தனி ரகம். பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீரைக் கவிழ்ப்பார்கள், பாதி சிறுநீராகப் போய்விடும். பீட்சா சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள். டிரிப்ஸ் போட்டுக்கொள்வார்கள். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பில் ஏற்றுவது, மருத்துவமனை சிகிச்சை போன்ற விதிவிலக்குகள் தவிர, ஊக்கமருந்து விதிப்படி குற்றம். இழந்த தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு உள்ளே போக வேண்டும். 2.8 கிலோ வியர்த்தவருக்கு 4.2 லிட்டர். முதலில் 600–900 மி.லி. ஓ.ஆர்.எஸ்., பிறகு அரை மணிக்கு ஒருமுறை 250–300 மி.லி. இரைப்பை மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் கடத்தும், அவசரப்பட்டால் வாந்தி. சாப்பாட்டில் வெள்ளைச் சோறு, வாழைப்பழம், தேன், கொழுப்பு குறைந்த கோழி. மாவுச்சத்து கிலோவுக்கு 7–8 கிராம் என்றால் 66 கிலோ ஆளுக்கு அரைக் கிலோவை ஒட்டி வரும். அதை ஒரே வேளையில் அடைக்க முடியாது, அன்றும் மறுநாளும் பிரித்துத்தான் போக வேண்டும்.

எடை திரும்பிவிட்டது என்பதும் உடம்பு திரும்பிவிட்டது என்பதும் ஒன்றல்ல. தராசு சில மணி நேரத்தில் பழைய எண்ணைக் காட்டும், கிளைக்கோஜன் நிரம்ப ஒரு நாள் ஆகும். தலையில் அடி வாங்கும் விளையாட்டில் இந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை. வற்றிய நாட்களில் கடும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டாம். கடைசி ஸ்பாரிங்குக்கும் சண்டைக்கும் நடுவே குறைந்தது பத்து நாள் வேண்டும். வோல்கனோவ்ஸ்கி 2023 அக்டோபர் 21 அன்று கடைசி நேர அழைப்பில் ஒரு பிரிவு மேலே போய், அங்கே சாம்பியனாக இருந்த இஸ்லாம் மகச்சேவிடம் தலையில் உதை வாங்கி விழுந்தார். டோபூரியாவிடம் விழுந்தது அதற்கு 119 நாள் கழித்து. டோபூரியாவின் வெற்றி அதனால் குறைந்துவிடாது. ஆனால் நாக் அவுட்டுக்குப் பிறகு நான்கு மாதத்துக்குள் பட்டப் போட்டி, அதற்கான எடை குறைப்பு, அதற்கான முகாம் எல்லாவற்றையும் ஒரே மூளை தாங்குவது விளையாட்டு மருத்துவத்தில் இருக்கும் எங்களுக்குப் பிடித்த கணக்கு இல்லை.

மேல் பிரிவுக்குப் போவதும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஜோர்டெய்ன் போட்டி ரத்தாகி இரண்டு மாதத்தில், லண்டனில் 70 கிலோவில் ஜெய் ஹெர்பர்ட்டை எதிர்கொண்டார் டோபூரியா. இவர் 170 சென்டிமீட்டர், அவர் ஆறடிக்கு மேல். முதல் சுற்றிலேயே தலையில் ஓர் உதை, டோபூரியா கீழே. சமாளித்து எழுந்து இரண்டாவது சுற்றில் ஹெர்பர்ட்டைத் தூங்க வைத்தார் என்றாலும், கை கால் நீளத்தின் விலை என்ன என்று அன்று தெரிந்திருக்கும். மறுபடி 66-க்கு இறங்கி பட்டம், 2024 அக்டோபரில் அபுதாபியில் முன்னாள் சாம்பியன் மேக்ஸ் ஹாலோவேக்கு இவர் கொடுத்த முதல் நாக் அவுட் தோல்வி, அதற்கப்புறம்தான் நிரந்தரமாக 70.

அந்த ஹாலோவேயையும் 2018 ஏப்ரலில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணைய மருத்துவர்கள் எடை குறைப்பின் நடுவில் தடுத்து, போட்டியிலிருந்து விலக்கினார்கள். ஒலிவேரா ஃபெதர்வெயிட்டில் பலமுறை எடை தவறியவர். 70-க்கு ஏறிய பிறகு 2021-இல் சாம்பியன். 2022-இல் அரை பவுண்டு கூடுதலால் அதே பட்டம் தராசின் மேலேயே பறிபோனது. ஸ்பெயினின் இன்னொரு வீரர், கிஹோன் நகரத்து ஹோயெல் ஆல்வாரெஸ், ஆறடி மூன்று அங்குல உயரத்தோடு 70 கிலோவில் இருமுறை எடை தவறி, 2025-இல் 77 கிலோ பிரிவுக்குப் போனார்.

உங்கள் வீரருக்கு எந்தப் பிரிவு என்று தீர்மானிக்க, போட்டிக்கு 12 வாரம் முன்பே உட்காருங்கள். இரண்டு வாரம் தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு எடை எழுதச் சொல்லுங்கள், சராசரிதான் உண்மையான எடை. ஆண்களுக்குக் கொழுப்பு 10 சதவீதத்தை ஒட்டி வந்த பிறகும் போட்டி வாரத் தொடக்க எடையில் 8 சதவீதத்துக்கு மேல் இன்னும் குறைய வேண்டியிருந்தால் மேல் பிரிவுக்குப் பதிவு செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் இந்த வித்தை எதுவும் கிடையாது, நிற்கும் எடைதான் பிரிவு. யாங் இறந்த பிறகு, அவர் மோதவிருந்த அமைப்பான ஒன் சாம்பியன்ஷிப் சிறுநீர் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கியது, 1.025-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த அடர்த்தியை அளக்கும் சின்னக் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் பெரிய விலையில்லை, ஜிம்முக்கு ஒன்று போதும்.

வீட்டுக் குளியலறையில், ஹோட்டல் அறையில் யாராவது குழம்பிப் பேசி மயங்கினால், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். போர்வையை உருவிவிட்டு, தொட்டியிலிருக்கும் வெந்நீரை வடியவிட்டு, அதே தொட்டியில் குழாய்த் தண்ணீரும் கிடைக்கிற ஐஸும் போட்டுக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். ஒருவர் அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது. வந்தவர்களிடம் காலையிலிருந்து எத்தனை கிலோ இறங்கியது, என்னென்ன மாத்திரை போட்டார் என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.