மாடுலோவுக்குத் தமிழ் 'மீதி', 'மட்டு' இல்ல

"விடையை மட்டு 1000000007-இல் தருக." கோடிங் போட்டிக் கேள்விகளைத் தமிழ்ல மாத்துறவங்க இப்படித்தான் எழுதுறாங்க, வீடியோவுல பாடம் எடுக்கிறவங்களும் அப்படியே வாசிச்சிட்டுப் போறாங்க, இதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் தாங்கல. புதுசா படிக்க வர்ற பிள்ளைக்கு இதுல என்ன புரியும்?

மாடுலோன்னா ஒரு எண்ணால வகுத்தா வர்ற மீதியை மட்டும் பார்க்கிறது. அந்தச் சொல் லத்தீன். மோடுஸ்னா அளவு, மோடுலுஸ்னா சின்ன அளவு, மோடுலோன்னா 'இந்த அளவை வச்சுப் பார்த்தா'. 1801-ல ஜெர்மன் கணித மேதை காஸ் தன்னோட எண்கணித நூல்ல இதைக் கணக்குக்குள்ள கொண்டுவந்தார். 10, 24 ரெண்டையும் 7-ஆல வகுத்தா மீதி 3, அதனால 7-ஐ வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். அவ்ளோதான்.

மட்டுக்காரங்க சொல்ற நியாயம் எனக்குத் தெரியும். மட்டுன்னாலும் அளவுதான், சத்தமும் மோடுலோ கிட்ட வருது. சரி, ஆனா அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே வேற வேலை இருக்கே! -7-ஓட மட்டு மதிப்பு 7, மெய்ப்பகுதி 3 கற்பனைப் பகுதி 4 இருக்கிற கலப்பெண்ணோட மட்டு 5, இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சது. அப்புறம் 'மட்டு 7'னு எழுதினா எதை எடுத்துக்கிறது? வாய்விட்டுச் சொன்னா இன்னும் மோசம், 'விடை மட்டு 7'ங்கிறது 'விடை மட்டும் 7'னு காதுல விழும். மீதிக்கு இந்தத் தொல்லையே இல்ல, மூணாங்கிளாஸ் வகுத்தல்லயும் மீதி, அல்ஜீப்ராவுல மீதித் தேற்றம், எல்லாம் ஒரே பொருள். எச்சம்னு வைக்கலாம்பாங்க சிலர், அது இலக்கணத்துல பெயரெச்சம் வினையெச்சம்னு நல்லா வாழ்ந்துட்டு இருக்கு, அங்கயே இருக்கட்டும்.

இன்னொரு கூட்டம் '1000000007-ஆல் வகுத்துச் சொல்லவும்'னு எழுதுது. அது சுத்தத் தப்பு, வகுத்தா வர்றது ஈவு, கேட்டது மீதி.

வரிசை மாற்றம், சேர்வு கணக்குல இந்தத் தப்பு நேரா விடையிலயே கை வைக்கும். 20 பேரை வரிசையா நிறுத்த 2432902008176640000 வழி, 21 பேர்னா கணினி ஒரு முழு எண்ணுக்கு வழக்கமா ஒதுக்குற 64 பிட் இடத்துக்குள்ள அடங்காது. அதனாலதான் ஒவ்வொரு படியிலயும் மீதியை மட்டும் வச்சுக்கிட்டுப் போறோம். கூட்டல் பெருக்கல் வரைக்கும் இது சரியா ஓடும், வகுத்தல் வந்தா நின்னுடும். 10 பேர்ல 5 பேரைத் தேர்ந்தெடுக்க 252 வழி, 11-ஆல வகுத்தா மீதி 10. இதையே மீதியாலயே போட்டுப் பாருங்க: மேல 10×9×8×7×6 = 30240, அதோட மீதி 1. கீழ 5×4×3×2×1 = 120, அதோட மீதி 10. இப்ப 1-ஐ 10-ஆல வகுத்தா 0.1, அது விடையே இல்ல. 10-ஐ எதால பெருக்கினா மீதி 1 வரும்னு தேடணும். பத்துபத்து நூறு, 11-ஆல வகுத்தா மீதி 1, ஆக 10-க்கு நேர்மாறு 10-தான். 1-ஐ அந்த 10-ஆல பெருக்கு, விடை 10, சரியா வந்துடுச்சு. 1000000007 பகா எண்ங்கிறதாலதான் அதை எடுத்துக்கிறாங்க, அதோட மடங்கு இல்லாத எந்த எண்ணுக்கும் நேர்மாறு இருக்கும். இவ்வளவு விஷயம் இருக்கிற இடத்துல 'வகுக்கவும்'னு எழுதினா பையன் நேரா பின்னத்துக்குத்தான் போவான்.

மொழிபெயர்க்கிறவங்க கலைச்சொல் பட்டியலைப் பார்த்து எழுதுறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பார்க்கணும், அது பெரிய கோரிக்கையா? 'விடையை 1000000007-ஆல் வகுத்தால் வரும் மீதியைத் தருக'ன்னு எழுதுங்க, நாலு சொல் கூடினா கூடட்டும். பேச்சுல '7-க்கு மீதி 3' போதும், பாடத்துக்குப் பேர் மீதிக் கணக்கு.

மீதியிலயும் ஒரு இடம் இடிக்கும், ஒத்துக்கிறேன். -3-ஐ 7-க்கு மீதி எடுக்கச் சொன்னா சி மொழி -3 தரும், பைத்தான் 4 தரும். அங்க மட்டும் 'குறை எண் இல்லாத மீதி'ன்னு சேர்த்து எழுதிடணும், மட்டுன்னு எழுதினாலும் அந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.