கண்ணில் குறையில்லை, காட்சிதான் சேரவில்லை

கண்புரை அறுவை முடிந்து, கண்ணாடியையும் மாற்றிய பிறகு, "எழுத்து தெரிகிறது, படிக்கத்தான் முடியவில்லை" என்று எங்கள் கண் பிரிவுக்குச் சிலர் வருவதுண்டு. பார்வை அட்டையின் கடைசி வரியைத் தடுமாறாமல் சொல்லும் இவர்கள், நாளிதழின் பெரிய தலைப்பில் திணறுவார்கள். எதிரே இருக்கும் டம்ளரைத் தேடுவார்கள்.

விழித்திரையில் பதிவது ஒளியும் நிழலும் மட்டுமே. எந்தக் கோடு எந்தப் பொருளுக்கு உரியது என்று பிரித்துச் சேர்ப்பது மூளையின் வேலை. அருகருகே இருப்பவை, ஒத்த நிறமுடையவை, ஒரே திசையில் நகர்பவை ஆகியன ஒரு குழுவாகத் தெரியும் என்று ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் விளக்கினார். புல்லோடு புல்லாக இருந்த வெட்டுக்கிளி, அசைந்த கணத்தில் தனி உருவாகப் புலப்படுவது இதனால்தான்.

இவ்வாறு சேர்க்கும் திறன் மூளையின் பின்பகுதியில் மெல்ல மெல்லத் தேய்வதும் உண்டு. 1988இல் நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சன் குழுவினர் விவரித்த இந்நோய்க்கு, பின்புற மூளைப் புறணித் தேய்வு (Posterior Cortical Atrophy) என்று பெயர்; பெரும்பாலும் இது அல்சைமர் என்னும் மறதி நோயின் ஒரு வடிவம். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டுவது வழக்கம். தொடக்கத்தில் நினைவும் பேச்சும் ஓரளவு நன்றாகவே இருப்பதால், வீட்டார் இதைக் கவனக்குறைவு என்றே எண்ணுகிறார்கள் (கண் மருத்துவர்களும் சில நேரம் இன்னொரு கண்ணாடியை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்). இந்நோயில் கவனத்தின் வட்டம் குறுகிவிடுவதால், பார்வை அட்டையின் சிறிய எழுத்து அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. நாளிதழ்த் தலைப்பின் பெரிய எழுத்தின் கோடுகளையோ ஒன்றுகூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது; அங்கேதான் திணறல்.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. முதல் உலகப் போரில் தலையில் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த வால்தர் பாப்பல்ராய்ட்டர் 1917இல் வெளியிட்டது போன்ற, ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த பொருள்களின் கோட்டுப்படத்தைக் காட்டுவோம். தனித்தனியாகக் காட்டும்போது சுத்தியலையும் வாளியையும் சரியாகச் சொல்பவர், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கையில் வெறும் கோடுகளின் சிக்கலையே காண்பார்.

இத்தடுமாற்றம் திடீரென்று வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மாதக்கணக்கில் மெல்லக் கூடிவந்தால், அடுத்த கண்ணாடிக்குப் பணம் கட்டுமுன் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மூளை எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். வெள்ளைச் சோற்றுக்கு அடர்நிறத் தட்டு, படி விளிம்பில் பளிச்சென்ற நாடா, பொருள்கள் குவியாத மேசை ஆகியவை அன்றாடத்தை எளிதாக்கும். வண்டி ஓட்டுவதை மட்டும் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.