உங்களுக்கு ஊசி மேல் நம்பிக்கை, எங்களுக்கு வேர் மேல் நம்பிக்கை

போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கு ஏழு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். கன்னத்தில் நாய்க்கடி. கடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் வேரை அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியமும் சொல்லியிருக்கிறார். காயத்தின் மேல் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது. வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) வராமலிருக்க ஊசி போட வேண்டும் என்றதும் அப்பா சொன்னார்: “சார், உங்களுக்கு ஊசி மேல நம்பிக்கை, எங்களுக்கு அவர் மேல நம்பிக்கை. ரெண்டும் நம்பிக்கைதானே?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சாமி மேல் வைப்பதும் நம்பிக்கை, மளிகைக்கடை அண்ணாச்சி போட்ட கணக்கை அப்படியே ஏற்பதும் நம்பிக்கை. அண்ணாச்சியிடம் சந்தேகம் வந்தால் சீட்டை வாங்கிக் கூட்டிப் பார்க்கலாம். தப்பு இருந்தால் அந்த நம்பிக்கை போய்விடும், போகவும் வேண்டும். வேண்டுதல் பலிக்கவில்லை என்று யாரும் கோவிலுக்குப் போவதை நிறுத்துவதில்லை. அதில் நான் குறை காணவில்லை, நானும் கோவிலுக்குப் போகிறவன்தான். ஆனால் ஊசி, அண்ணாச்சி கணக்கு மாதிரி.

அந்த அப்பா கையில் மருந்துக் குப்பியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பேட்ச் எண், காலாவதி தேதி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்ற குறிப்பு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் மருந்து எங்கே தயாரானது, இமாச்சலப் பிரதேசத்துக் கசௌலியில் இருக்கும் மத்திய மருந்து ஆய்வகத்தில் தேறியதா என்று பார்க்க முடியும். நான் ஒவ்வொரு குப்பிக்கும் போய்ப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு வழியும் ஆளும் இருக்கிறது என்பதால்தான் நம்புகிறேன்.

கூட வந்த தாத்தா விடவில்லை. “முன்னாடி தொப்புளைச் சுத்தி 14 ஊசி போட்டீங்க, அப்புறம் அதை மாத்திட்டீங்களே?” ஆமாம், மாற்றினோம். அது 1911-இல் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் கசௌலியில் உருவாக்கிய மருந்து, ஆட்டு மூளையிலிருந்து எடுப்பது. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத் தயாரித்தார்கள். அந்த மூளைத் திசுவே சிலருக்கு நரம்பைப் பாதித்துப் பக்கவாதம் வரை கொண்டுபோனது. இதைக் கண்டுபிடித்து எழுதியவர்களும் மருத்துவர்கள்தான். 2004-இல் இந்தியா அதைக் கைவிட்டது. தன் தப்பைத் தானே எழுதி வைக்கிற துறை இது. வேர் கொடுப்பவரிடம் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா?

என்னை அதிகம் கோபப்படுத்துவது இன்னொன்று: “எங்க ஊர்ல வேர் சாப்பிட்ட எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க.” இருப்பார்கள். கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறி இருப்பதில்லை. வெறிநாயே கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அவர்கள் வேரே சாப்பிடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள், பெயர் மட்டும் வேருக்குப் போகிறது. நோய் வருகிறவருக்கு அது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் கழித்துத்தான் வரும், சில சமயம் அதற்கும் அப்புறம். அதற்குள் கடியே மறந்திருக்கும். தண்ணீர் டம்ளரைப் பார்த்துத் தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலையில் எங்களிடம் வருவார்கள். அதற்குப் பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அந்தச் சாவு வேர் கொடுத்தவர் கணக்கில் ஏறுவதே இல்லை.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்கிறவரிடம் “டாக்டர் நானா, நீயா?” என்று சீறினால், நாமும் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்றுதான் சொல்கிறோம். இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்குங்கள்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, குட்டி நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், பத்தியம் கிடையாது. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற தடுப்பு மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் ஊசி போடும் நாள் (அதைப் பூஜ்ஜியம் என்று எண்ண வேண்டும்), அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். கயிறு கட்ட வேண்டுமா, தாராளமாகக் கட்டுங்கள், ஊசி போட்ட பிறகு. நாளாகிவிட்டதே என்று மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வந்தாலும் போடுவோம்.

பையனுக்குக் கன்னத்தில் மருந்து இறங்கியபோது அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் வந்தார்கள். நாளை ஏழாம் நாள்.